ஊசி விருப்பம், வாசல் கட்டாயம்

மதுரை, டிசம்பர் 2021: மாவட்ட நிர்வாகம் கொடுத்த ஒரு வாரக் கெடு முடியப்போகிறது. அதன்பின், தடுப்பூசி ஒரு தவணைகூடப் போடாதவர்களுக்கு உணவகம், வணிக வளாகம் போன்ற இடங்களில் அனுமதி இல்லை. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விதான்: கொரோனா தடுப்பூசி கட்டாயமா, இல்லையா?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் கேள்வி-பதில் குறிப்பு, அவரவர் விருப்பம் என்கிறது. தமிழகப் பொது சுகாதாரத் துறையோ, 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடத்துக்கு வர ஊசி போட்டிருக்க வேண்டும் என்று நவம்பரில் அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: ஊசி போடச் சொல்லி வீட்டுக்குப் போலீஸ் வராது, ஆனால் ஓட்டலில் சாப்பிட முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு மேகாலயாவில் ஏற்கெனவே சோதனை வந்தது. கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி போட்ட பிறகே தொழிலைத் தொடங்கலாம் என்று அங்கே மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட்டன. கடந்த ஜூன் 23-ஆம் தேதி உயர் நீதிமன்றம், பிழைப்பைப் பறித்து ஊசி போட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதோடு நிற்காமல் ஒரு மாற்றும் சொன்னது. பணியாளர்கள் ஊசி போட்டவர்களா, போடாதவர்களா என்று கடை வாசலிலும் ஆட்டோ, பேருந்திலும் பலகை வைக்க வேண்டும். உள்ளே போவதா வேண்டாமா என்பதை வாடிக்கையாளர் முடிவு செய்துகொள்வார்.

சாமர்த்தியமான யோசனைதான். யாரையும் அரசு தடுக்கவில்லை, யார் தொழிலும் நிற்கவில்லை. ஆனால் வற்புறுத்தும் வேலை அதிகாரியின் கையிலிருந்து தெருவில் போகிறவர்களின் கைக்கு மாறிவிடுகிறது. வியாபாரம் படுத்தால், ஊசி போடாத ஊழியரை முதலாளியே அனுப்பிவிடுவார். எதிர்த்து வழக்குப் போட அந்த ஊழியருக்கு அரசு உத்தரவு என்று எதுவும் இருக்காது. ஒருவரின் மருத்துவ விவரம் பலகையில் தொங்குவது வேறு.

அந்தரங்க உரிமையை உறுதி செய்த 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு மூன்றைக் கேட்கிறது: சட்டம் இருக்கிறதா, நியாயமான தேவை இருக்கிறதா, கட்டுப்பாடு அந்தத் தேவையை மிஞ்சாமல் இருக்கிறதா? சட்டம் வேண்டும் என்பது புதிதல்ல: அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க நினைத்த வெள்ளைக்கார அரசுகூட 1880-இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அமெரிக்காவில் அம்மைத் தடுப்பூசியை மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு விதித்த 5 டாலர் அபராதத்தை உச்ச நீதிமன்றம் 1905-இல் உறுதி செய்தபோதும், அதற்குப் பின்னால் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இயற்றிய சட்டம் இருந்தது.

சட்டம் என்ற கேள்விக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டலாம். மதுரை உத்தரவு தடுமாறுவது தேவை என்ற இடத்தில். தொற்று பரவாமல் தடுப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு தவணை எப்படிப் போதும்? டெல்டா வகைக்கு எதிராக ஒரு தவணை தரும் பாதுகாப்பு சொற்பம். இரண்டு தவணை போட்டவர்களிடமிருந்தும் டெல்டா பரவுகிறது. ஒரு தவணை என்ற கோடு தொற்றைப் பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை. தடுப்பூசி முகாமின் இலக்கை எட்டப் போட்டதாகவே படுகிறது. இலக்கு வைப்பதில் தவறில்லை. அதைத் தொற்றுத் தடுப்பு என்று சொல்லி மக்களை வாசலில் நிறுத்துவதுதான் இடிக்கிறது.

மற்ற கேள்விகள்:

மீறினால் தண்டனை? 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டப்படியான உத்தரவு என்றால், இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவு பாயும்.

சான்றிதழ்? கோவின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வாமை உள்ளவர்கள்? மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். அதை ஓட்டல் காவலாளி எப்படிச் சரிபார்ப்பார் என்பதை அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும்.

உச்ச நீதிமன்றம்? தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த வழக்கில் ஆகஸ்டில் நோட்டீஸ் அனுப்பியது, இந்த டிசம்பர் வரை தீர்ப்பு வரவில்லை.

அப்படியானால் ஊசி போடலாமா? போடுங்கள், இரண்டு தவணையும். தீவிர நோயிலிருந்து அது காப்பதற்குச் சான்று இருக்கிறது. வாசலில் தடுப்பதற்குத்தான் அரசு இன்னும் சான்று காட்டவில்லை.