கூரை யார் பொறுப்பு, குழாய் யார் பொறுப்பு?

வாடகை வீடு ஒருவருக்குச் சொத்தாகவும் இன்னொருவருக்கு வாழிடமாகவும் ஒரே நேரத்தில் இருப்பதால், அதில் நேரும் பழுதுக்கு யார் செலவிடுவது என்ற வழக்கு குடிவந்த சில மாதங்களிலேயே தொடங்கி, முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் முற்றிவிடுகிறது. திருச்சிராப்பள்ளியில் இந்த வழக்கு இடத்துக்கு இடம் வேறு வடிவம் கொள்கிறது. மன்னார்புரம், காஜாமலை போன்ற பகுதிகளின் மாடிவீடுகளிலும் அடுக்ககங்களிலும் குழாய், கீசர், மோட்டார் ஆகியவை பேச்சுக்குரியனவாகின்றன. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த உத்தர வீதி, சித்திரை வீதிகளில் பல குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்ட பழைய வீடுகளிலோ, ஒழுகும் ஓட்டுக்கூரையும் ஓதம் ஏறிய சுவரும் பொதுக் கிணற்றடியும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

சொத்து மாற்றுச் சட்டம், 1882, தன் 108ஆம் பிரிவில் இதற்கு ஓர் அடிப்படை விதியை வகுத்தது. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பின்னும் உரிய காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவரே அதைச் செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம் என்று கூறிய அப்பிரிவு, எந்தெந்தப் பழுது யாருடைய கடமை என்பதைப் பட்டியலிடவில்லை. பின்னர் வந்த தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960, உரிமையாளர் தவறும்போது வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச்செய்து உத்தரவு பெற்ற பிறகே செலவை வாடகையில் கழிக்க வழிசெய்தது. விடுபட்டிருந்த பட்டியலைத் தந்தது, அச்சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017.

இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளை இரு கூறாக்குகிறது. வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் நீங்கலான கட்டுமானப் பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது நீர்க்குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமுமான மின்கம்பி இணைப்புகளைப் பராமரித்தல் ஆகியவை உரிமையாளருக்குரியவை. குழாய்களின் வாஷரையும் குழாய்த் திருகையும் மாற்றுதல், வடிகால் அடைப்பு எடுத்தல், கழிப்பறைத் தொட்டி, கைகழுவும் தொட்டி, கீசர் ஆகியவற்றின் பழுது, சுவிட்சு, பிளக் முதலியவற்றின் பழுது, சமையலறைப் பொருத்துகள், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, பூச்சிவலை ஆகியவற்றைச் சரிசெய்தல் அல்லது மாற்றுதல், தம் பயன்பாட்டிலுள்ள தோட்டத்தைப் பேணுதல் ஆகியவை வாடகைதாரருக்குரியவை. கட்டடத்தோடு சேர்ந்து மூப்படைவது உரிமையாளருடையது, அன்றாடம் கைபட்டுத் தேய்வது குடியிருப்பவருடையது என்பதே இந்தப் பிரிவினையில் பெரும்பாலும் அடங்கியுள்ள கொள்கை. ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மெட்ராஸ் தளம் ஒழுகினால் அது கட்டுமானப் பழுதாகையால் உரிமையாளரைச் சாரும்; அதே வீட்டு முற்றத்தின் சாக்கடை வாயில் குப்பை அடைத்துக்கொண்டால் அது குடியிருப்பவரின் வேலை.

இந்த அட்டவணை ஊர் வழக்கத்தோடு இரண்டு இடங்களில் முரண்படுகிறது. வீட்டைக் காலிசெய்யும்போது வெள்ளையடிப்பதற்கென ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வது தமிழ்நாட்டு நகரங்களில் பரவலான பழக்கம். அட்டவணையோ வெள்ளையடித்தலை உரிமையாளரின் கணக்கில் வைக்கிறது. இயல்பான தேய்மானம், அதாவது முறையாகப் புழங்கியும் காலத்தால் நேரும் மங்கலும் நைவும், குடியிருப்பவர் ஈடுசெய்ய வேண்டியதன்று என்பதும் சட்டத்தின் நிலைப்பாடாகையால், சுவரின் நிறம் மங்கியதற்குப் பணம் பிடிப்பதும், ஆணி அடித்துக் காரை பெயர்த்ததற்குப் பணம் பிடிப்பதும் ஒன்றாகா. மற்றோரிடத்தில் முரண் எதிர்த்திசையில் செல்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் கீசரின் சூடேற்றும் கம்பியில் படிவு ஏறி அது விரைவில் கெடுவதுண்டு. உரிமையாளர் பொருத்தித் தந்த பழைய கீசராயிற்றே, அவரே பார்த்துக்கொள்வார் என்று குடியிருப்பவர் எண்ணியிருக்க, அட்டவணை அப்பழுதைக் குடியிருப்பவரிடமே விட்டிருக்கிறது.

கடமை தவறினால் நேர்வதையும் இச்சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைதாரர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், உரிமையாளர் செய்து முடித்து அச்செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். உரிமையாளர் மறுத்தால், வாடகைதாரர் வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் கழிக்கும் தொகை அம்மாத வாடகையில் பாதியைத் தாண்டக்கூடாது. சான்றாக, மாத வாடகை 10,000 ரூபாயாக உள்ள வீட்டில் குழாய் மாற்ற 18,000 ரூபாய் ஆனால், மூன்று மாதம் 5,000 ரூபாய் வீதமும் நான்காம் மாதம் 3,000 ரூபாயும் கழித்து அத்தொகையை ஈடுகட்ட வேண்டும். இரண்டு மாதம் வாடகையே தராமல் இருந்துவிடுவது பாக்கியாகக் கருதப்பட்டு வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். பழுது நீங்காமல் வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், எழுத்துமூலம் 15 நாள் அறிவிப்புக் கொடுத்து வீட்டை விட்டு நீங்கவும், துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடவும் வழியுண்டு. பழுதைப் பார்வையிட உரிமையாளர் உள்ளே வருவதற்கு 24 மணி நேர எழுத்துமூல அறிவிப்பு வேண்டும் என்பதும், தகராறைக் காரணமாக்கி அவர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது என்பதும் இவற்றோடு சேர்ந்த விதிகள்.

அட்டவணை எட்டாத பகுதியும் ஒன்றுண்டு. பலர் சேர்ந்து பயன்படுத்தும் நீர்த்தேக்கத் தொட்டி, மோட்டார், மாடிப்படி விளக்கு, கழிவுநீர்த் தொட்டி போன்ற பொது வசதிகளில் யார் பங்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டும் என்று சட்டம் விட்டுவிடுகிறது. மோட்டார் ஓடும் மின்கட்டணத்தை ஆள்கணக்கில் பிரிப்பதா, வீட்டுக்கணக்கில் பிரிப்பதா என்ற சச்சரவு ஒட்டுக்குடித்தனங்களில் ஓயாததற்கு, அதை ஒருவரும் எழுதிவைக்காததே பெரும்பாலும் காரணம்.

அட்டவணை முழுவதுமே, இரு தரப்பும் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதபோதுதான் செல்லும் என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. முத்திரைத்தாளில் பழைய மாதிரியைப் பார்த்து எழுதப்படும் பதினொரு மாத ஒப்பந்தத்தில், சகல பழுதுகளையும் வாடகைதாரரே தம் செலவில் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற ஒரு வரி இருந்தால், அதில் கையெழுத்திடுபவர் சட்டம் உரிமையாளர்மேல் வைத்த கூரையையும் மின்கம்பியையும் தம் தோளுக்கு மாற்றிக்கொள்ள நேரும். ஆகவே, அட்டவணையின் இரு பட்டியல்களையும் தமிழில் ஒப்பந்தத்தோடு இணைத்து, குடிபுகும் நாளில் சுவர், குழாய், மின்பொருள்கள் இருந்த நிலையை ஒளிப்படங்களோடு குறித்து இருவரும் கையொப்பமிட்டு, அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்வதே இரு தரப்புக்கும் காப்பு. குடிபுகும்போது இருந்த நிலைக்குச் சான்று இல்லையெனில், தேய்மானம் எது, சேதம் எது என்று பிரித்துக்காட்ட உரிமையாளராலும் இயலாது, குடியிருப்பவராலும் இயலாது.