நெல் மூட்டைக்கும் சரக்கு இரயிலுக்கும் என்ன உறவு?



நாவலூருக்கு இரயில் பாதை கிடையாது. இப்பொழுது கட்டப்பட்டு வரும் மெட்ரோ பாதையும் பயணிகளுக்கு உரியதே. தாழம்பூர், படூர், தையூர்ப் பக்கம் இன்னும் நிலம் வைத்துச் சாகுபடி செய்யும் சிறு விவசாயிக்கு இரயில் என்றால் தாம்பரம் அல்லது வண்டலூர் நிலையந்தான் நினைவுக்கு வரும். அதுவும் ஆள் ஏறிச் செல்லும் வண்டியாக. ஆகவே, சரக்கு இரயிலுக்கு அரசு தரும் உதவியைப் பற்றி இந்த இதழில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

உங்கள் கூட்டுறவு சங்கத்தில் வாங்கும் யூரியா மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ மூட்டையின் விலை ரூ.266.50. தொழிற்சாலைக்கு அருகில் இருப்பவருக்கும் இதே விலை, நூற்றுக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கும் இதே விலை. தூரத்துக்கு ஏற்ப விலை ஏறாமல் இருப்பதற்குக் காரணம், உரத்தை ஏற்றி வரும் செலவையும் மத்திய அரசு மானியமாக ஏற்றுக்கொள்வதுதான். 2008ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சீரான சரக்குக் கட்டண மானியத் திட்டம் இதற்கு வழி செய்தது. நெடுந்தூரம் வரும் உரம் பெரும்பாலும் இரயிலில்தான் வருகிறது. சரக்கு நிலையத்திலிருந்து சங்கத்துக்கு மட்டுமே லாரி. 'ரேக் வரவில்லை, அதனால் யூரியா இல்லை' என்று சங்கச் செயலாளர் கைவிரிக்கும்போது, மேலுரம் இடவேண்டிய நாள் தள்ளிப்போகிறது. தூர் கட்டும் பருவத்தில் பத்து நாள் தாமதம் என்பது மகசூலில் தெரியும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகையால் சரக்கு இரயில் உங்கள் வயலுக்குள் ஏற்கனவே வந்துவிட்டது.

நெல்லும் அப்படியே. காவிரிப் பாசனப் பகுதியில் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்கப்படும் நெல் முழுவதையும் அங்கேயே அரைக்க முடிவதில்லை. தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி நிலையங்களில் மூட்டைகள் வேகன்களில் ஏற்றப்பட்டு, அரவைக்காகப் பிற மாவட்டங்களுக்கு வருகின்றன. 21 வேகன்களில் 1,250 டன் அனுப்பப்பட்டது என்ற செய்தியைக் குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் நாளிதழ்களில் நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள்.

இந்த 1,250 டன்னை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் சுமார் 300 கி.மீ. என்று கொள்வோம். ஒரு லாரி 16 டன் ஏற்றினால் 78 லாரிகள் வேண்டும். பாரம் ஏற்றிய லாரி ஒரு லிட்டர் டீசலுக்கு 4 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லாரிக்கு 75 லிட்டர், 78 லாரிக்கு 5,850 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவாயிற்றே, அதிலிருந்து 2.7 கிலோ வாயு எப்படி வரும் என்று ஐயம் எழலாம். எண்ணெயிலுள்ள கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அந்தப் பிராணவாயுவின் எடை. ஆக, 78 லாரிகளும் வெளிவிடும் கரியமில வாயு சுமார் 15.8 டன். லாரிகள் வெறுமையாகத் திரும்பினால் அது தனிக் கணக்கு.

இதே பாரத்தை இரயிலில் கொண்டுசென்றால், ஒரு டன்னுக்கு ஒரு கி.மீ.க்குத் தேவைப்படும் சக்தி, லாரிக்குத் தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. காரணம் மிக எளிது. உழுத சேற்றில் மாட்டு வண்டி இழுப்பதற்கும், இறுகிய தார்ச்சாலையில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். சக்கரமும் தரையும் எவ்வளவு அமுங்குகின்றனவோ அவ்வளவு சக்தி வீணாகிறது. ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது. இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும் இரும்புச் சக்கரம் அநேகமாக அமுங்குவதே இல்லை. அத்துடன், வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் ஒவ்வொரு வேகனும் சந்திக்கும் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. 78 லாரிகளோ தனித்தனியே காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால் இரயிலின் பங்கு 5.3 டன். இரு முனைகளிலும் லாரி தலா 15 கி.மீ. ஓடுவதற்கு 1.6 டன் சேருங்கள். மொத்தம் 6.9 டன். ஒரு நடைக்கு ஏறத்தாழ 9 டன் கரியமில வாயு குறைகிறது. இது தோராயமான கணக்கே. லாரியின் வயது, பாரம், பாதை இவற்றைப் பொறுத்து ஏறும், இறங்கும். நம் நாட்டு இரயில் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் கிடைக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் காற்றாலை, சூரிய மின்சாரம் கூடக் கூட, அதே வண்டி அதே பாரத்தை இன்னும் குறைந்த வாயுவுடன் இழுக்கும். டீசல் லாரிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கணக்கில் கவனிக்கத்தக்க இன்னொன்று உண்டு. இரு முனை லாரி ஓட்டமும் மூட்டை ஏற்றி இறக்கும் கூலியும் தூரம் எவ்வளவானாலும் மாறுவதில்லை. 300 கி.மீ.க்கு அது சிறு பங்கு. 40 கி.மீ.க்கு அதுவே முழுச் செலவாகிவிடும். நாவலூரிலிருந்து கோயம்பேட்டுக்குக் கீரையும் கத்தரியும் அனுப்ப இரயில் உதவாது. அதற்கு வேனே சரி. இரயில்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அரசு ஏன் கை கொடுக்க வேண்டும்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரயிலில்தான் சென்றது. இன்று கால் பங்குக்குச் சற்று அதிகம். இதை 2030க்குள் 45 சதமாக உயர்த்த வேண்டும் என்பது தேசிய இரயில் திட்டத்தின் குறிக்கோள். இறங்கியதற்குக் காரணங்கள் பல. நல்ல சாலைகள் வந்தன. லாரி வாசலுக்கே வருகிறது. மற்றொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை சில ரூபாயில் பயணம் செய்கிறோமல்லவா? பயணிகள் வண்டியில் ஏற்படும் இழப்பை இரயில்வே சரக்குக் கட்டணத்திலிருந்தே ஈடு செய்கிறது. அதனால் சரக்குக் கட்டணம் உயர, சரக்கு லாரிக்குப் போகிறது. மலிவான பயணச்சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் சுமையைச் சரக்கின் தலையில் வைப்பதைவிட அரசு நேரடியாக ஏற்பதே முறை என்பது என் கருத்து.

மேலும், லாரிப் புகையால் வரும் கேடு லாரி வாடகையில் சேர்வதில்லை. அது பிறர் தலையில் விழுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டில் 2001 முதல் கனரக லாரிகளுக்கு எடை, தூரம், புகை இவற்றைக் கணக்கிட்டுத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி இரயில் பாதைகளுக்குச் செல்கிறது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 2016இல் திறந்த 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கப் பாதை அவ்வாறு உதவி பெற்றதே. நம் நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி உண்டு. கொங்கண் இரயில்வே 1999 முதல் பாரம் ஏற்றிய லாரியையே அப்படியே வேகன்மீது ஏற்றிச் செல்கிறது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு அமர்ந்து வரலாம். மூட்டையைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

கிசான் இரயில் கற்பித்த பாடம்

விவசாயிக்கென்றே நடந்த பெரிய சோதனை கிசான் இரயில். 2020-21 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, முதல் வண்டி 2020 ஆகஸ்டு 7 அன்று நாசிக் அருகிலுள்ள தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குப் புறப்பட்டது. தூரம் 1,519 கி.மீ. பயண நேரம் ஏறத்தாழ 32 மணி. தென்னிந்தியாவின் முதல் வண்டி அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று அனந்தப்பூரிலிருந்து பழங்களுடன் டில்லிக்குச் சென்றது. இந்த வண்டிகளின் சிறப்பு இரண்டு. வழியிலுள்ள நிலையங்களில் நின்று ஏற்றி இறக்கின. குறைந்தபட்ச எடை என்ற நிபந்தனையும் கிடையாது. முழு ரேக்கையும் நிரப்ப வேண்டும் என்ற விதியே சிறு விவசாயியை இரயிலிலிருந்து இதுவரை விலக்கி வைத்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

2020 அக்டோபர் முதல், உணவு பதப்படுத்தும் தொழில்கள் அமைச்சகம் காய், கனிகளுக்குக் கட்டணத்தில் 50 சதம் மானியம் தந்தது. கழிவு அனுப்பும்போதே பாதிக் கட்டணமாகக் குறைக்கப்பட்டது. விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கத் தேவை இல்லை. 2023 தொடக்கம் வரை 2,300க்கும் மேற்பட்ட நடைகளில் ஏறத்தாழ 7.9 லட்சம் டன் விளைபொருள் சென்றது. வெங்காயம், வாழை, மாதுளை, ஆரஞ்சு முதலியவை முக்கியமானவை. அமைச்சகத்தின் மானியம் 2022 மார்ச்சுடன் முடிந்தபின் ஓட்டம் மங்கிவிட்டது.

ஏன்? ஒன்றரை ஆண்டுச் சலுகையை நம்பி யாரும் நிலையத்தருகே குளிர்பதனக் கிடங்கு கட்டமாட்டார்கள். பாதிக் கட்டணம் வண்டியை நிரப்பியது, உண்மை. ஆனால் கிடங்கு, தரம் பிரிக்கும் கொட்டகை, நிழலான ஏற்று மேடை இவை இல்லாத நிலையங்களில், சலுகை போனதும் லாரியே வசதியாகிவிட்டது. பணத்தைக் கட்டணத்தில் மட்டும் கொட்டாமல் மேடையிலும் கிடங்கிலும் போட்டிருந்தால் பயன் நிலைத்திருக்கும் என்பதே என் மதிப்பீடு. அழுகிப்போகும் ஒவ்வொரு கூடைத் தக்காளியோடும் அதற்கு இட்ட யூரியா, இறைத்த நீர், எரித்த டீசல் எல்லாம் வீணாகின்றன. புகையைக் குறைப்பதில் சேதத்தைக் குறைப்பதும் அடங்கும்.

(நெல் விவசாயியின் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. எப்போதும் நீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது கணிசமாகக் குறையும். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

நீங்கள் செய்யக் கூடியவை

நெல் மூட்டை இரயிலில் போகப்போகிறது என்றால் ஈரப்பதம் முக்கியம். 17 சதத்திற்கு மேற்பட்ட ஈரத்துடன் மூட்டை கட்டினால், மூடிய வேகனுக்குள் நெல் சூடேறிப் பழுப்பேறும். நன்கு காயவைத்துத் தூற்றியபின் கட்டுங்கள். லாரியில் ஒருமுறை, வேகனில் ஒருமுறை, மீண்டும் லாரியில் என்று மூட்டை பலமுறை கைமாறுவதால் நைந்த சாக்கைத் தவிர்க்கவும். கொக்கி போட்ட ஒவ்வொரு இடத்திலும் நெல் சிந்தும்.

தனி ஒருவர் வேகனை நிரப்ப இயலாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அல்லது கூட்டுறவு சங்கத்தின் வழியே பல பேர் சரக்கைச் சேர்த்தால் முடியும். சிறு அளவானால், தாம்பரம் போன்ற பெரிய நிலையங்களிலிருந்து புறப்படும் விரைவு வண்டிகளின் பார்சல் பெட்டியில் அனுப்பலாம். எலுமிச்சை, மாங்காய், தேங்காய் போன்ற, ஓரிரு நாள் தாங்கும் பொருள்களுக்கே இது ஏற்றது. கீரைக்கு ஆகாது. காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி, பெறுபவர் முகவரியை இரு பக்கமும் எழுதி, வண்டி புறப்படுவதற்குப் போதிய நேரம் முன்னதாகவே பார்சல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கட்டண விகிதத்தையும், சேருமிடத்தில் எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் விழும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மறுமுனையில் எடுத்துக்கொள்ள நம்பகமான ஆள் இல்லையென்றால் அனுப்பவே வேண்டாம்.