டிப்ஸ்டிக்கில் 5 மில்லிமீட்டர்

2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மீட்டரில் 92,400 கி.மீ. செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கிய வாரமே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். பிடித்தது 3.1 லிட்டர். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் புள்ளியில் நின்றது. அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டு எழுதி வருகிறேன்.

டிப்ஸ்டிக்கின் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே 2 செ.மீ. இருக்கும். பெரும்பாலான கார்களில் அந்த இடைவெளிக்குள் அடங்குவது ஏறத்தாழ 1 லிட்டர். அப்படியென்றால் 1 மி.மீ. இறங்கினால் 50 மி.லி. போயிற்று என்று கணக்கு. 1,000 கி.மீ. ஓடிய பிறகு பார்த்தேன். 5 மி.மீ. இறங்கியிருந்தது. மேல் புள்ளி வரை கொண்டுவர, அளவு பாட்டிலில் 250 மி.லி. பிடித்தது.

கால் லிட்டர்தானே என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். ஆயில் மாற்ற 10,000 கி.மீ. கெடு. நடுவில் மூடியைத் திறக்காமலே ஓட்டினால் 2.5 லிட்டர் காலி. மிச்சம் 600 மி.லி. கீழ்ப் புள்ளியை 4,000 கி.மீ.யிலேயே தாண்டிவிடும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது நாலாவது மாதம். சர்வீஸ் தேதியோ பத்தாவது மாதத்தில்தான் வரும்.

என் சித்தப்பா மகனுக்கு நடந்தது இதுதான். சர்வீஸுக்கு இன்னும் 1,800 கி.மீ. இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று 6 கி.மீ. ஓட்டினான். பேரிங் அடித்துவிட்டது. பில் 62,000 ரூபாய்.

பலரும் தவறாக நினைப்பது இந்த விளக்கைத்தான். பெரும்பாலான பழைய கார்களில் அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பிரஷர் விழுந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆயில் குறைந்த வண்டி வளைவில் திரும்பும்போது, பிரேக் அடிக்கும்போது, இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுக்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. பத்தே விநாடியில் 500 சுற்று, அதுவும் எண்ணெய்ப் பசை இல்லாமல். அந்த விளக்கு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

சரி, என் கால் லிட்டர் எங்கே போயிற்று? பாதி வெளியே கசிந்தது, பாதி உள்ளே எரிந்தது. மெக்கானிக் அண்ணன் ராக்கர் கவர் கேஸ்கெட்டும் பி.சி.வி. வால்வும் மாற்றினார். கூலியோடு 1,700 ரூபாய். அடுத்த 1,000 கி.மீ.யில் குறைந்தது 90 மி.லி. மட்டும். லிட்டர் 480 ரூபாய்க்கு வாங்குகிறேன். முன்பு 10,000 கி.மீ.க்கு டாப் அப் செலவு 1,200 ரூபாய், இப்போது 432. போட்ட பணம் 22,000 கி.மீ.யில் திரும்பிவிடும். கசிவை அற்பமாக நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 1,440 சொட்டு; 30 சொட்டுக்கு 1 மி.லி. என்று வைத்தாலும் 48 மி.லி.

ஆயில் குடிக்கிற வண்டியை உடனே விற்றுத்தள்ள வேண்டியதில்லை. சில ஐரோப்பிய நிறுவனங்களின் கையேடுகளே 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் என்று சொல்கின்றன. அந்த 62,000 ரூபாய்க்கு 129 லிட்டர் ஆயில் வாங்கலாம். என் பழைய கணக்கில் 5 லட்சம் கி.மீ.க்கு மேல் வரும். ஆனால் குறையும் அளவு மாதாமாதம் ஏறினாலோ, நீலப் புகை வந்தாலோ ஊற்றிக்கொண்டே காலம் தள்ளக் கூடாது. எரியும் ஆயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் கூலண்ட் கலந்திருக்கலாம், தாமதிக்காதீர்கள். டீசல் வண்டியில் ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். அது கோளாறு அல்ல.

பார்க்கும் முறை இவ்வளவுதான். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி 5 நிமிடம் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் 100 மி.லி. ஊற்றி மறுபடி பாருங்கள். மேல் புள்ளியைத் தாண்டினாலும் கெடுதிதான். கிராங்க் அடித்து ஆயில் நுரைத்துவிடும், சீல்கள் கசியும். கைவேலை 2 நிமிடம். மாதம் இருமுறை பார்த்தால் வருடத்துக்கு 48 நிமிடம்.

பழைய கார் வாங்கியவர்கள், விற்றவர் புதிதாக ஊற்றிக் கொடுத்த ஆயில் தேன் நிறத்தில் பளபளப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஆயில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மீட்டர் எண்ணோடு எழுதி வையுங்கள். 1,000 கி.மீ. கழித்து மறுபடி எழுதுங்கள்.