தரையிலிருந்து வரும் வழிகாட்டி

எங்கள் நெய்க்காரப்பட்டி வயல்வெளியில் நின்று பழனி மலையைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். ஆனால் நடுக்கடலில் மலை ஏது? கரை மறைந்த பின் நம் மீனவர்கள் ஜி.பி.எஸ். கருவியையே நம்பிச் செல்கிறார்கள். பாக் நீரிணையில் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் படகும் பறிபோகும், சிறைவாசமும் நேரும். அக்கருவி தவறிவிட்டால் வழி என்ன?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வளவு தொலைவு வருவதால் அவற்றின் சமிக்ஞை மிகவும் நலிந்துவிடுகிறது. அருகில் ஒரு சிறு கருவி இரைச்சல் எழுப்பினாலும் அது அமுங்கிப்போகும். மேலும், பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்னாட்டின் வழியே செல்கிறது. அதனால் சில நாட்களில் சூரியன் மறைந்த பின் வானிலுள்ள அயனி மண்டலம் கலங்கி, சமிக்ஞையைத் தடுமாறச் செய்கிறது. நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய வான் ஆய்வுக்கூடம் இம்மண்டலத்தையும் ஆராய்ந்துள்ளது.

இக்குறையைப் போக்க வல்லது 'லோரான்' என்னும் தரை வானொலி முறை. கோயில் மணியும் பள்ளி மணியும் ஒரே நொடியில் ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். எது முன்னே கேட்கிறதோ, அதற்கு அருகில் நாம் நிற்கிறோம். அவ்வாறே இரு நிலையங்களின் அலைகள் வந்து சேரும் நேர வித்தியாசம் வரைபடத்தில் ஒரு வளைகோட்டைத் தரும். மூன்றாவது நிலையம் இருந்தால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டும் புள்ளியே நம் இடம். வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும்! இந்த அலை வலிமை மிக்கது. தரையை ஒட்டி வருவதால் அயனி மண்டலத்தைக் கடக்க வேண்டியதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2008-ல் இங்கிலாந்தின் பிளாம்பரோ முனையில் கலங்கரை விளக்கத் துறையினர் ஜி.பி.எஸ். அலையை வேண்டுமென்றே தடுத்து, அவ்வழியே 'போல் ஸ்டார்' என்னும் கப்பலைச் செலுத்தினர். கப்பலின் கருவிகள் பல பொய்யான இடங்களைக் காட்டின. எச்சரிக்கை மணிகள் அலறின. திருத்தியமைத்த 'இ-லோரான்' மட்டும் தடுமாறவில்லை. 2016-ல் வட கொரியா அலைகளைத் தடுத்தபோது தென் கொரிய மீன்பிடிப் படகுகள் வழி தெரியாமல் கரை திரும்பின. அந்நாடும் இம்முறையைச் சோதிக்க முற்பட்டது.

நம் நாட்டிலும் 1990-களில் லோரான் நிலையங்கள் இயங்கின. குஜராத்தில் திராங்கத்ரா, வேராவல், பிலிமோரா. கிழக்கே பாலேஸ்வர், பதாபூர், டயமண்ட் ஹார்பர் ஆகியவை அவை. தென்கரைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

ஐரோப்பாவில் நேர்ந்தது நமக்கு ஒரு பாடம். 2015 இறுதியில் பிரான்சும் நார்வேயும் தம் நிலையங்களை மூடின. தனித்து நின்ற பிரிட்டிஷ் நிலையத்தால் நேரத்தைச் சொல்ல முடிந்தது. இடத்தைச் சொல்ல முடியவில்லை. எந்நாளும் தேவைப்படாத கருவி வீண் செலவு என்று தோன்றலாம். எனினும் கடலுக்குச் செல்லும் ஒரு தந்தை வீடு திரும்புவது அதனால்தான் என்றால், அச்செலவு வீணாகுமா? சிந்திப்போம் தோழியரே!