தூண்டில் செய்திகள்

“இன்றிரவு உங்கள் வீட்டின் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே கீழுள்ள இணைப்பில் கட்டணம் செலுத்துக” என்னும் குறுஞ்செய்தி பலரையும் பதறச் செய்கிறது. அப்பதற்றமே மோசடியாளரின் தூண்டில். இணைய முகவரியின் தொடக்கத்தில் அறிந்த நிறுவனத்தின் பெயர் இருப்பது சான்றாகாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிப் பகுதியே அத்தளம் யாருடையது என்பதைக் காட்டும். பூட்டுக் குறியும் தகவல் இடையில் களவு போகாது என்பதை மட்டுமே உணர்த்தும். கள்வனும் தன் வீட்டைப் பூட்டுவான் அன்றோ!

யூபிஐ வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்டால் நம் பணம் வெளியேறப்போகிறது என்பதே பொருள். ஏமாந்தவர் நாணி மறைக்கையில் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். 1930 என்னும் உதவி எண்ணுக்கு உடனே தெரிவித்தால், அதனை இடையிலேயே முடக்க வாய்ப்புண்டு.