தோட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு தோட்டம்

லண்டனில் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய் வந்த தமிழர்கள் ஏராளம். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், குன்றின் சரிவில் இருக்கிறது வாட்டர்லோ பூங்கா. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சர் சிட்னி வாட்டர்லோ என்பவரின் பெயர் இது. பரப்பு சுமார் 26 ஏக்கர். கார்ல் மார்க்ஸ் அடக்கமாகியிருக்கும் ஹைகேட் கல்லறைத் தோட்டம் இதை ஒட்டியே இருக்கிறது. இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நுழையலாம். 1889 வரை இது ஒரு தனிமனிதரின் சொத்து. எப்படி ஊருக்கு வந்தது?

மதிலுக்குள் இருந்த காலம்

ஹைகேட் குன்றின் உச்சியில் மணல், அதற்குக் கீழே களிமண். மணலில் இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் சரிவில் ஊற்றாகக் கசிகிறது. பூங்காவின் மூன்று குளங்களுக்கும் ஊற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். நல்ல காற்றும் தண்ணீரும் இருந்ததால், நகரத்து நெரிசலை விட்டு விலக நினைத்த செல்வந்தர்கள் இங்கே வந்து மாளிகை கட்டினார்கள். பூங்காவுக்குள் இன்றும் நிற்கும் லாடர்டேல் மாளிகையை 1582-ல் ரிச்சர்ட் மார்ட்டின் கட்டினார். அடுத்த நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த லாடர்டேல் பிரபுவின் பெயரே நிலைத்துவிட்டது. கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் குடியிருந்ததாகச் சொல்லப்படும் சிறு வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தைச் சொல்ல மதிலில் ஒரு தகடு மட்டும் பதித்திருக்கிறார்கள்.

அச்சகத்திலிருந்து வந்தவர்

1822-ல் பிறந்த வாட்டர்லோ, அச்சுத் தொழில் பழகுநராக வாழ்க்கையைத் தொடங்கியவர். குடும்பத்தின் அச்சக வியாபாரத்தில் செல்வம் சேர்த்து, 1872-ல் லண்டன் மாநகர மேயரானார். அதற்கு முன்பே, 1863-ல், தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். மாடி மாடியாக எழுந்த அந்தக் குடியிருப்புகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறை இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால், தோட்டத்துக்கு அங்கே இடமில்லை. ஏழைக்கு வீடு கட்டிய அனுபவமே, அந்த வீட்டில் எது இல்லை என்பதையும் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். தோட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு தோட்டமாக இந்த இடம் இருக்கட்டும் என்று சொல்லித்தான் தன் நிலத்தை அவர் கொடுத்தார்.

வாங்கிக்கொள்ள ஒரு கை

கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது. பெற்று நடத்த ஒரு பொது அமைப்பும் வேண்டும். லண்டன் முழுவதற்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நிர்வாகம் முதன்முதலாக அமைந்தது 1889-ல்தான். அதே ஆண்டு, அந்த லண்டன் கவுன்சிலின் தலைவர் ரோஸ்பெரி பிரபுவுக்கு வாட்டர்லோ கடிதம் எழுதி நிலத்தை ஒப்படைத்தார். நிலத்தின் ஒரு சிறு பகுதி தனக்கு முழு உரிமையில்லாமல் நீண்ட காலக் குத்தகையில் இருந்ததால், அதையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ள 6,000 பவுண்டும் கொடுத்தார். பிற்காலத்தில் வில்லங்கம் வரக்கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. 1891-ல் பூங்கா மக்களுக்குத் திறந்தது.

கொடுத்த பிறகு?

தானம் கிடைத்த இடம் தானாகவே பிழைத்துவிடாது. 1963-ல் லாடர்டேல் மாளிகை தீப்பற்றியது. கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் அது பாழடைந்து கிடந்தது. அக்கம்பக்கத்தார் சங்கமாகச் சேர்ந்து முயன்ற பிறகு, 1978-ல் கலை மையமாக மறுபடி திறந்தது. இன்று அங்கே கச்சேரிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன. பூங்காவைப் பராமரிப்பது கேம்டன் உள்ளாட்சி நிர்வாகம். நிலம் ஒருவர் கொடுத்தது. அது பூங்காவாகவே நீடிப்பது தலைமுறை தலைமுறையாகப் பலர் பார்த்த வேலையால்.

1900-ல், வாட்டர்லோ உயிரோடு இருக்கும்போதே, பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். குதிரை இல்லை, வாள் இல்லை. ஒரு கையில் தொப்பியும் குடையும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் போல நிற்கிறார். மறு கையில், எடுத்துக்கொள் என்பது போல, ஒரு சாவி. பொழுது சாய்ந்ததும் பூங்காவின் கதவுகளைப் பூட்டி, காலையில் திறந்துவிடுகிற வேலை இப்போது ஊருடையது.