கால்வாய் அடைத்த பின் மாட்டுக்குத் தண்ணீர்: செலவு எவ்வளவு?

மதுரை வடக்கு, வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளில் பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் ஓடும் வரை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை யாரும் செலவாக நினைப்பதில்லை. மேய்ந்து திரும்பும் மாடு வாய்க்காலில் இறங்கிக் குடித்துவிடும். ஒருபோக நிலங்களுக்குச் செப்டம்பரில் திறந்தால், 45 நாட்கள் முழுமையாகவும் 75 நாட்கள் முறை வைத்தும் விடுவது வழக்கம். மார்கழியில் முறை அடைத்த நாட்களிலேயே தட்டுப்பாடு தெரியத் தொடங்கிவிடும். தை பிறந்தால் கால்வாய் காய்ந்துவிடும். இருபோகப் பகுதிக்கு ஜூனில் திறந்தாலும் இடையில் ஏறத்தாழ 140 நாட்கள் உள்ளன. கண்மாயில் கிடக்கும் நீர் சில வாரம் தாங்கலாம். அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

மாட்டுக்காகக் கால்வாயை ஓடவிடலாமே என்று கேட்போர் உண்டு. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் ஓடும் நீர் சுமார் 24 லட்சத்து 46 ஆயிரம் லிட்டர். தலைக்கு 50 லிட்டர் என்றால் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு அது போதும். ஆனால் காய்ந்த கால்வாயில் ஒரு கன அடியை விட்டால் கடைமடைக்கு எதுவும் வந்து சேராது, மண்ணே குடித்துவிடும். பல நூறு கன அடி விட்டால்தான் நகரும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் குளிர்காலத்தில் மாட்டுக்காகக் கால்வாய் ஓட்டும்போது இதே கசிவுத் தொல்லை இருப்பதால், கிணறும் குழாயும் அமைத்து மாற்றுகிறார்கள்.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். கறவையில்லாத பசுவுக்கு மார்கழி, தை மாதங்களில் நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று கொள்ளலாம். கறவை மாட்டுக்கு, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேற்கொண்டு 4 லிட்டர் சேர்க்க வேண்டும். நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு இரண்டு, கிடேரி ஒன்று, கன்று ஒன்று, வெள்ளாடு பத்து உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். பசுக்களுக்கு 144, கிடேரிக்கு 30, கன்றுக்கு 15, ஆடுகளுக்கு 50; ஆக 239 லிட்டர். சிந்துவதற்கும் கழுவுவதற்கும் சேர்த்து 300 என்று வைத்துக்கொள்ளலாம். பங்குனி வெயில் ஏறியதும் பாதி கூடி 450 ஆகும். முதல் 60 நாட்களுக்கு 18,000, பின் 80 நாட்களுக்கு 36,000. மொத்தம் 54,000 லிட்டர்.

இனி செலவு. கீழே சொல்லும் விலைகள் உதாரணத்துக்கே. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

15 லிட்டர் குடத்தில் சுமந்தால் 3,600 நடை. போக வரப் பத்து நிமிடம் என்றாலும் 600 மணி நேரம், அதாவது 75 ஆள் நாள். கூலி 400 ரூபாய் என்றால் 30,000 ரூபாய். வீட்டுப் பெண்கள் சுமப்பதால் இந்தத் தொகை யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனாலேயே சுமப்பதுதான் மலிவு என்ற எண்ணம் நிலவுகிறது. உண்மையில் எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான்.

6,000 லிட்டர் லாரித் தண்ணீர் லோடு 900 ரூபாய் என்றால் 9 லோடுக்கு 8,100 ரூபாய். இறக்கி வைக்கத் தொட்டி இருக்க வேண்டும்.

பக்கத்தில் பம்ப்செட் இருப்பவர்கள் குழாய் இழுத்துத் தொட்டி வைப்பதே நல்லது. 200 அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் ஏற்ற ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் போதும்; விவசாய இணைப்புக்குத் தமிழ்நாட்டில் கட்டணமும் இல்லை. குழாய், மிதவை வால்வு, சிமெண்டு உறை எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகி, பத்து ஆண்டு உழைத்தால், தேய்மானம் 1,200, வட்டி 600, பழுது 500. ஆண்டுக்கு 2,300 ரூபாய். மூன்றடி விட்டம், இரண்டடி உயரமுள்ள உறை ஒன்றில் 400 லிட்டர் நிற்கும்.

இந்தச் செலவு முழுவதையும் பாலின் மேல் ஏற்றினால், கறவை குறையாமல் 140 நாளில் கிடைக்கும் 2,240 லிட்டருக்கு, குழாய்த் தண்ணீர் லிட்டருக்கு ஒரு ரூபாய். லாரித் தண்ணீர் மூன்று ரூபாய் அறுபது காசு. சுமந்த தண்ணீர் பதின்மூன்று ரூபாய்க்கும் மேல். இதுவரை வாய்க்கால் இலவசமாகக் கொடுத்து வந்தது இதைத்தான். செலவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தால் மாடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். ஆனால் நாலைந்து மாட்டுக்காக மட்டும் இரண்டு லட்சம் செலவழித்துப் புதிய ஆழ்துளைக் கிணறு போடுவது கட்டுபடியாகாது. தேய்மானமும் வட்டியுமே லாரித் தண்ணீரை விஞ்சிவிடும். அத்தகையோர் நாலைந்து வீட்டார் கூடி ஒரே இடத்தில் தொட்டி அமைக்கலாம்.

தொட்டித் தண்ணீரில் ஒரு லாபமும் உண்டு. வற்றும் வாய்க்கால், கண்மாய் ஓரங்களில் நத்தைகள் மூலம் கல்லீரல் தட்டைப்புழு பரவும். தொட்டியில் அந்தத் தொல்லை குறைவு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாசியைச் சுரண்டி உட்புறம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

ஆழ்துளை நீர் உப்பாக இருந்தால் பரிசோதிப்பது அவசியம். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் மாடு முதலில் குடிக்க மறுக்கும், கறவையும் பாதிக்கப்படலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரால் அலசிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம்.